செவ்வாயும் வெள்ளியும் வாகனம் கழுவினோம்

ஓய்வு பெற்றவர்களை மேடைக்குக் கூப்பிடுகிறவர்கள் பத்து நிமிடத்துக்கு மேல் தருவதில்லை. முப்பது வருட வேலையை அதற்குள் சொல்லி, கடைசியில் பிழிந்து எடுத்த ஒரு பாடத்தையும் கையில் கொடுத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். போன மாதம் ஒஸ்லோ நகரத்துக்குள் நடந்த ஒரு கருத்தரங்குக்கு என்னைக் கூப்பிட்டவள் நிலானி. ஒஸ்லோவின் புறநகரான ரொம்சோஸில் பிறந்து வளர்ந்த பிள்ளை. சர்வதேச அமைதிப் பணிகள் பலன் தந்தனவா இல்லையா என்று மதிப்பிடும் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள்.

"அன்ரி, நீங்கள் மிஷனிலை றேடியோ அறையிலை இருந்த கதையைச் சும்மா கதைச்சாக் காணும். பிறகு ஒரு சின்ன ஷெமா இருக்கு. அதையும் நிரப்பித் தந்தியள் எண்டால் சரி."

ஷெமா என்றால் படிவம். இந்த நாட்டில் பிறக்கவும் ஷெமா, சாகவும் ஷெமா. சமாதானத்துக்கும் ஒன்று வைத்திருப்பார்கள் என்பது தெரிந்ததுதானே. நான் இருக்கும் எல்லிங்ஸ்ருட்டில் இருந்து சுரங்க ரயில் பிடித்துப் போனேன்.

எனக்கு முன்னால் பேசியது ஓர் இளைஞன். ஆளில்லாமல் பறக்கும் சின்ன விமானம் ஒன்றைத் திரையில் காட்டினான். இனி எல்லைக் கோட்டில் வாகனத்தில் ரோந்து போகத் தேவையில்லையாம். இது சத்தமில்லாமல் பறக்கும், வருவதும் போவதும் யாருக்கும் தெரியாது, எல்லாவற்றையும் பார்க்கும் என்றான். சபை கைதட்டியது. அதற்குப் பிறகு பழைய பணிகளில் நடந்த வீண் செலவுகள் என்று ஒரு பக்கத்தைக் காட்டினான். ஒரு பணியில் வாரத்துக்கு இரண்டு தடவை, அதுவும் தண்ணீர்த் தட்டுப்பாடான மலைப் பிரதேசத்தில், அரைநாள் எடுத்து வாகனம் கழுவியிருக்கிறார்கள் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நிலானியும் சிரித்தாள்.

அது என்னுடைய பணி. எனக்கு வந்த கோபத்தில் மேடையில் ஏறி என்ன சொன்னேன் என்று முழுதாக ஞாபகமில்லை. கதை பாதியில் நிற்க, பத்து நிமிடம் முடிந்தது என்று ஒரு அட்டையைக் காட்டினார்கள். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் இந்த அமைதிப் பணிகளை அனுப்பும் அமைப்புகளுக்கு வால்பிடிக்கிற ஆள் இல்லை. முதலாம் உலகப் போர் முடிந்ததும் இனிப் போரே வேண்டாம் என்று நாடுகள் கூடி ஒரு சங்கம் வைத்தன. அதை வைத்தவர்கள் கிழவர்களாகும் முன்னரே இரண்டாம் போர் வந்துவிட்டது. அது முடிந்ததும் இன்னொன்று வைத்தார்கள். வல்லரசுகள் கோபித்துக்கொண்டு எழும்பிப் போய்விடக் கூடாது என்பதற்காக, மாட்டேன் என்று சொல்லும் அதிகாரத்தை அவற்றின் கையிலேயே கொடுத்தார்கள். பூனைக்கு மணி கட்ட வேண்டுமென்றால் முதலில் பூனையிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதை நம்பித்தான் நாங்கள் மலை மலையாக ஏறித் திரிந்தோம்.

கோயிலில் என்னைக் கண்டால் சில பேர் விடமாட்டார்கள். "அக்கா, உங்கடை வெள்ளை வாகனக்காரர் எங்கடை சனத்துக்கு என்னத்தைக் கிழிச்சவை?" என்று கேட்பார்கள். அன்னதான வரிசையில் நிற்கும்போது இதற்கு என்ன பதில் சொல்வது? நானும் யாழ்ப்பாணத்தில் பெட்டி படுக்கையோடு தெருவில் நின்றவள். கொடி கட்டிய வெள்ளை வாகனம் ஒன்று எங்களைக் கடந்து போனது. உள்ளே இருந்தவர் கையசைத்தார், எங்களுக்குப் புழுதிதான் மிச்சம். அந்த எரிச்சல் இன்னும் எனக்குள் இருக்கிறது. ஆனால் கோயிலில் ஒன்றுமே நடக்கவில்லை என்கிறார்கள், கருத்தரங்கில் நடந்ததை அளந்து காட்டு என்கிறார்கள். இரண்டு பக்கமும் எனக்கு வயிற்றெரிச்சல்.

நான் வேலை பழகியது நோர்வேயின் வடக்கில். அகதியாக வந்த புதிதில் மீன் தொழிற்சாலையில் நின்றேன். குளிரில் விரல் மரத்துப் போக, குரலால் செய்யும் வேலை ஏதும் இருக்கிறதா என்று தேடி, கடலோர வானொலி நிலையத்தில் சேர்ந்தேன். மீன்பிடிப் படகுகளுக்குக் காற்றும் அலையும் சொல்வது வேலை. மெதுவாக வாசி, இரண்டு தரம் வாசி, கேட்டவன் திருப்பிச் சொன்னால்தான் செய்தி போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். படித்ததெல்லாம் இவ்வளவுதான். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, பிள்ளைகள் வளர்ந்து, வெளிநாட்டுப் பணிகளுக்குச் சிவிலியன் வானொலி ஆட்கள் தேவை என்று கண்டதும் விண்ணப்பித்தேன். "உலகத்தைக் காப்பாத்தப் போறீரோ?" என்று என் மனுசன் கேட்டார். "இல்லை, காலநிலை வாசிக்கப் போறன்" என்றேன்.

பணி செய்த நாட்டின் பெயரை எழுத எனக்கு அனுமதியில்லை. இரண்டு படைகள், இரண்டு மலை, நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. போர் நிறுத்தம் என்று கையெழுத்திட்டிருந்தார்கள். மீறுகிறவர்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது எங்கள் வேலை. பார்க்கலாம், எழுதலாம், தடுக்க முடியாது. துப்பாக்கியும் இல்லை.

எங்கள் கண்காணிப்பு நிலையத்தின் தலைவர் ஹால்வோர், நடு நோர்வேயில் வயல் உழும் கமக்காரக் குடும்பத்தில் பிறந்து படையில் மேஜராக இருந்து வந்தவர். நோர்வே வழக்கப்படி மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. வடக்கில் இத்தனை வருடம் இருந்தும் அது மட்டும் பழகவில்லை. அவர் பேசுவதே குறைவு. எதைக் கேட்டாலும் "வீ ஃபோர் சே" என்பார். பார்ப்போம் என்று அர்த்தம். விடுமுறை கிடைக்குமா? பார்ப்போம். ஷெல் விழுகிறதே, பதுங்கு குழிக்குள் போவோமா? பார்ப்போம். காகிதத்தில் சுற்றிய பாண் துண்டைப் பகல் பதினொரு மணிக்குச் சாப்பிடப் பிரிப்பார், உலகம் அழிந்தாலும் பிரிப்பார். தனக்குப் பிடிக்காத கட்டளை தலைமையகத்தில் இருந்து வந்தால் அதை ஒருமுறை சத்தமாக வாசித்து, மடித்து வைத்துவிட்டு, வெளியே போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதுதான் அவருடைய உச்சக் கோபம்.

ரோந்து போவதற்கு முன் இரண்டு படைகளுக்கும் அறிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. முதலில் தொலைபேசியில் சொல்லிப் பார்த்தார்களாம். அவனுக்கு முதலில் சொன்னாய், எனக்குப் பிறகு சொன்னாய் என்று இரண்டு பக்கமும் சண்டை. சரி, வானொலியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வாசிப்போம் என்றார்கள். யாருடைய மொழியில் முதலில் வாசிப்பது என்று அடுத்த சண்டை. கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில் வாசிப்பது என்று முடிவானது. அதை வாசிக்கக் கிடைத்தவள் யாழ்ப்பாணத்துக்காரி. காலை எட்டு மணிக்குத் திறந்த அலைவரிசையில், இன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, ஸ்பிரிங் றோட், ரோந்து என்று இரண்டு தரம் வாசித்து, என் பேச்சு முடிந்தது, இனி நீங்கள் பேசலாம் என்பதற்கு 'ஓவர்' என்பேன். ஸ்பிரிங் றோட் என்றது மலையூற்றுக்குப் போகும் பாதை, பெரும்பாலும் செவ்வாயும் வெள்ளியும் ரோந்து அங்கேதான். ரோந்து இல்லாத நாளில் "நோ மூவ்மென்ற்" என்று வாசிப்பேன். ஒரு சொல் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.

கள்ளனுக்குக் கடிதம் போட்டுவிட்டுப் பிடிக்கப் போகிற பொலிஸ் மாதிரி இருந்தது எனக்கு. நாங்கள் போகும் நேரம் ஒரு வெடியும் கேட்காது. இரண்டு மலையிலும் இருந்தவர்கள் நல்ல பிள்ளைகளாகக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். 'ஒன்றும் காணப்படவில்லை' என்று எங்கள் ஆட்கள் எழுதிக்கொண்டு வருவார்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் பாதையில் கோழி அசைந்தாலும் சுடுவார்கள்.

இதைக் கண்டுபிடித்தார் தலைமையகத்தில் இருந்து வந்த மதிப்பீட்டு அதிகாரி ஒருவர். காலில் நல்ல சப்பாத்து, கையில் நல்ல கணினி. இத்தனை ரோந்து போயும் ஒரு மீறலும் பிடிபடவில்லை என்றால் இந்தப் பணியால் என்ன பயன் என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். இனி ரோந்தை அறிவிக்கக் கூடாது, சொல்லாமல் கொள்ளாமல் போக வேண்டும் என்று கட்டளை வந்தது. என் எட்டு மணி வாசிப்பு நின்றது. இரண்டு படைகளும் எங்கோ ஒரு மேசையில் அதற்குச் சம்மதித்தும் விட்டன.

அதன் பிறகு மீறல்கள் குவிந்தன. இன்று இங்கே வெடி, நாளை அங்கே வெடி என்று அறிக்கைகள் பறந்தன. வரைபடத்தில் கோடு மேலே ஏறியது. பணி இப்போதுதான் பலன் தருகிறது என்று பாராட்டி எழுதினார்கள். நிலையத்தில் கேக் வெட்டினோம். ஹால்வோர் தன் துண்டைத் தொடவில்லை, வெளியே போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சில வாரம் கழித்து வாசலில் ஒரு சத்தம். ஊற்றுக்கு மேலே இருந்த கிராமத்துப் பெண் ஒருத்தி, முப்பத்தைந்து வயது இருக்கும், வானொலிப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று காவலாளியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றாள். பெயர் சபீரா. நான் போனேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"நைன் ஹண்ட்றட். ருவெல்வ் ஹண்ட்றட். ஸ்பிரிங் றோட். ஓவர்."

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்தச் சொற்களை அப்படியே என் குரலில் இருந்து எடுத்திருந்தாள். அச்சொட்டாக எங்கள் ஊர் உச்சரிப்பு. எங்கள் வானொலியை ஒட்டுக் கேட்டிருக்கிறாள், உளவாளியாக இருக்கலாம் என்று பாதுகாப்பு அதிகாரி குதித்தார். திறந்த அலைவரிசையில் வாசிப்பதை ஒட்டுக் கேட்கத் தேவையே இல்லையே என்று நான் சொன்னது அவருக்கு ஏறவில்லை.

மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு அவளிடம் கேட்டோம். கிராமத்துக் குழாயைப் போர் உடைத்துவிட்டது. தண்ணீர் எடுக்க அந்த ஊற்றுத்தான். எங்கள் வாகனம் நிற்கும் நேரம் யாரும் சுடமாட்டார்கள் என்பதைக் கிராமம் கண்டுபிடித்திருந்தது. ஒரு சின்ன வானொலியைச் சுற்றி எட்டு மணிக்கு எல்லோரும் கூடுவார்களாம். நான் ஸ்பிரிங் றோட் என்றதும் கழுதைகளில் கலன்களைக் கட்டிக்கொண்டு இறங்குவார்களாம்.

"நீ ஏன் பேசுவதை நிறுத்திவிட்டாய்?" என்று கேட்டாள். "நீ செத்துப்போய்விட்டாய் என்று அழுதோம்."

குரல் நின்ற பிறகும் பழைய பழக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கணவனின் தம்பி ஊற்றுக்கு இறங்கியிருக்கிறான். தொடையில் வெடி பட்டது. அதற்குப் பிறகு யாரும் இறங்கவில்லை. மழை தேங்கிய குட்டைத் தண்ணீரைக் குடிக்கிறார்கள், பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம், தன் சின்ன மகள் எழும்ப மாட்டாமல் கிடக்கிறாள் என்றாள். அழவில்லை. ஒரு கடைக்காரனிடம் சாமான் ஏன் வரவில்லை என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

வடக்கில் மீனவர்களின் மனைவிமார் குசினியில் வானொலியை வைத்து நான் சொல்லும் காற்றைக் கேட்டுக்கொண்டுதான் சமைப்பார்கள். யாருக்கு வாசிக்கிறோமோ அவர்கள் மட்டும்தான் கேட்கிறார்கள் என்று நினைப்பது சுத்த மடத்தனம். அந்த மதிப்பீட்டு அதிகாரியின் கணினியில் இந்தப் பெண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கவில்லை. 'ஒன்றும் காணப்படவில்லை' என்று நாங்கள் எழுதிய காலத்தில் ஒரு கிராமம் தண்ணீர் குடித்தது. நாங்கள் மீறல்களைப் பிடித்துக் கேக் வெட்டிய காலத்தில் அது குட்டையைக் குடித்தது.

"இனி என்ன செய்வது?" என்று ஹால்வோரிடம் கேட்டேன்.

"பார்ப்போம்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "என்னத்தைப் பார்ப்பது? ரோந்தைத் திரும்ப அறிவியுங்கள்!" என்று கத்தினேன். அந்த அறையில் அதுவரை யாரும் கத்தியதில்லை. அவர் புதிய கட்டளையை எடுத்து ஒருமுறை சத்தமாக வாசித்தார். வழக்கத்துக்கு மாறாக இன்னொரு தரமும் வாசித்தார். வெளியே போய் வானத்தைப் பார்த்தார். திரும்பி வந்து, "வாகனங்கள் அழுக்காக இருக்கின்றன" என்றார்.

பிள்ளைகள் அங்கே சாகக் கிடக்கின்றன, இவருக்கு வாகனம்!

"கட்டளை ரோந்தைப் பற்றித்தான் சொல்கிறது" என்றார் அமைதியாக. "பராமரிப்பு வேலைக்குப் போகும் வாகனத்தை முன்போலவே அறிவிக்க வேண்டும். முகாமில் உள்ள தண்ணீர் குடிக்க மட்டும்தான். கழுவுவதென்றால் ஊற்றுக்குத்தான் போக வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் சரியாக இருக்கும்."

அடுத்த செவ்வாய் எட்டு மணிக்கு வாசித்தேன். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, ஸ்பிரிங் றோட், வாகனம் கழுவுதல். எங்கள் சாரதிகள் வாளியை இறக்கி முடிப்பதற்குள் மேலே கழுதைகள் தெரிந்தனவாம்.

அந்த மலைநாட்டிலேயே பளிச்சென்று இருந்தவை எங்கள் வாகனங்கள்தான். இரண்டு வாகனம் கழுவ மூன்று மணித்தியாலம் ஏன் என்று தலைமையகம் எழுதிக் கேட்டது. நோர்வேக்காரர் சுத்தத்தை விரும்புகிறவர்கள் என்று ஒரே வரியில் ஹால்வோர் பதில் போட்டார். கழுவக் கழுவ வாகனங்களின் பக்கத்தில் இருந்த எழுத்துகளே தேய்ந்து போயின. சபீராவின் மகள் எழும்பி நடந்தாள். அடுத்த கோடையில் வாளியைத் தூக்கிக்கொண்டு அவளும் ஊற்றுக்கு இறங்கியதாகச் சாரதிகள் சொன்னார்கள்.

இதைத்தான் அந்தக் கருத்தரங்கில் வீண் செலவு என்று காட்டினார்கள். சத்தமே போடாத பறக்கும் கண்ணைக் கொண்டாடுகிறார்கள். அது வருவது யாருக்கும் தெரியாதாம். யாருக்கும் தெரியாவிட்டால் சபீரா எதைக் கேட்டுவிட்டுத் தண்ணீருக்கு இறங்குவாள்? இதை மேடையில் கேட்டபோதுதான் அட்டையைக் காட்டினார்கள்.

அடுத்த நாள் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் ஒரு கோப்பிக் கடைக்கு நிலானி என்னைக் கூப்பிட்டாள். மன்னிப்புக் கேட்டாள். கேட்ட கையோடு மடிக்கணினியையும் திறந்தாள்.

"அன்ரி, கோவிக்காதேங்கோ. இந்த ஷெமாவை முடிக்க வேணும். இலக்கு எட்டப்பட்டதோ எண்டு கேட்டிருக்கு. முழுதாய், பாதி, இல்லை. மூண்டிலை ஒண்டுக்குப் புள்ளடி போட வேணும்."

"பணி எப்பிடி முடிஞ்சது எண்டு தெரியுமோ பிள்ளை உமக்கு?"

"ஓம். நீடிக்கிறதுக்கு வாக்கெடுப்பிலை ஒரு நாடு மறுத்துப்போட்டுது. அது அறிக்கையிலை இருக்கு."

"கடைசி நாள் இருக்கோ?"

இல்லை என்றாள். அதைச் சொன்னேன்.

நாங்கள் விட்டுப் போகும் வாகன வரிசையும் ஸ்பிரிங் றோட் வழியாகத்தான் போக வேண்டும். அதையும் அறிவிக்க வேண்டும். எட்டு மணிக்கு வாசித்தேன். இரண்டு தரம் வாசிக்க வேண்டியதை மூன்று தரம் வாசித்தேன். அந்த வேலையில் நான் மீறிய ஒரே விதி அது. பிறகு கருவியைக் கழற்றி ஹால்வோரின் வாகனத்தில் ஏற்றி நானும் ஏறினேன்.

ஊற்றடியில் கிராமம் முழுக்க நின்றது. கலன், அண்டா, பிள்ளை குளிக்கும் பேசின், தண்ணீர் தாங்கக் கூடிய எல்லாவற்றையும் கொண்டு வந்திருந்தார்கள். ஊற்றோ விரல் பருமனில்தான் ஓடும். முன்னால் போன ஹால்வோர் வாகனத்தை நிறுத்தினார். இறங்கினார். பின்னால் இருந்து வாளியையும் துணியையும் எடுத்தார். கழுவத் தொடங்கினார். அதைப் பார்த்துப் பின்னால் இருந்த சாரதிகளும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். நாங்கள் நின்றால்தான் அவர்கள் நிரப்பலாம். வெள்ளிக்கிழமை கழுவிய வாகனங்களைத் திரும்பவும் கழுவினார்கள்.

தலைமையகம் வாகனத்து வானொலியில் கூப்பிட்டது. ஏன் வரிசை நிற்கிறது என்று கேட்டது.

"வாகனம் கழுவுகிறோம்" என்றேன்.

எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டது. ஹால்வோரைப் பார்த்தேன். "வீ ஃபோர் சே" என்றார். அந்த ஒரு நாள் அந்தச் சொல் எனக்கு இனித்தது. அறிவித்த பன்னிரண்டு மணி தாண்டியது. இரண்டு மலையிலும் துப்பாக்கிக்காரர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணிக்குப் பிரிக்க வேண்டிய பாண் பொதி ஆசனத்தில் அப்படியே கிடந்தது. அவர் சக்கரத்தின் ஒவ்வொரு திருகாணியாகத் துடைத்தார். கடைசிக் கலனும் நிரம்பிய பிறகுதான் நிமிர்ந்தார்.

சபீரா என் கதவடிக்கு வந்தாள். நிறைந்த கலன்களைக் கழுதையில் கட்டியிருந்தாள். மொழிபெயர்ப்பாளர் பின்னால் வேறு வாகனத்தில் இருந்தார். அவள் அவருக்காகக் காத்திருக்கவில்லை. என்னிடம் எடுத்த சொற்களாலேயே என்னைக் கேட்டாள்.

"ருமோறோ? நைன் ஹண்ட்றட்?"

நான் ஹால்வோரைப் பார்த்தேன். எதைக் கேட்டாலும் பார்ப்போம் என்கிற மனுசன் துணியைப் பிழிந்துகொண்டு நின்றார். பொய் சொல்லியிருக்கலாம். என் குரலை நம்பித்தான் அவள் நாளைக்கு இறங்குவாள்.

"நோ மூவ்மென்ற்" என்றேன்.

செய்தி போய்ச் சேர்ந்தது என்றால் கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த விதியை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டு, என் உச்சரிப்பிலேயே, மெதுவாக, இரண்டு தரம் சொன்னாள்.

"நோ மூவ்மென்ற். நோ மூவ்மென்ற். ஓவர்."

பிறகு கழுதையைத் தட்டிக்கொண்டு மேலே ஏறிப் போனாள்.